கையில் பலம் இருக்கிறது, ஆனால் வேலை வரவில்லை: அப்ராக்ஸியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம் வந்தது. மூன்று மாதத்தில் வலது கை ஓரளவு தேறிவிட்டது, நம் விரலைப் பிடித்தால் வலிக்கிற அளவுக்குப் பிடி. ஆனால் அந்தக் கையால் சட்டைப் பொத்தானைப் போட வரவில்லை. தெரபிஸ்ட் "இது அப்ராக்ஸியா" என்றார், அன்றுதான் அந்த வார்த்தையையே கேட்டோம். அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் எங்களிடம் கேட்டது, நாங்கள் டாக்டர்களை நச்சரித்துக் கேட்டது, தேடிப் படித்தது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஆள். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அப்ராக்ஸியா என்றால் சுருக்கமாக என்ன?

கை, கால், நாக்கில் பலம் இருக்கும். சொல்வது புரியும். செய்ய வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும். ஆனாலும் ஆயிரம் தடவை செய்து பழகிய ஒரு வேலை செய்ய வராது. அசைவைத் திட்டமிடுகிற இடத்தில், அதாவது மூளையில், வரும் கோளாறு இது. தசையிலும் எலும்பிலும் தேடினால் கிடைக்காது. கிரேக்கத்தில் பிராக்ஸிஸ் என்றால் செயல். நீதி அநீதி ஆவதுபோல அதற்கு முன்னால் ஒரு 'அ' சேர்ந்திருக்கிறது. 1871இல் ஸ்டைன்தால் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்.

பலமும் இருக்கிறது, புரியவும் செய்கிறது, அப்புறம் எதுதான் பழுது?

ஒரு சாவியால் பூட்டைத் திறப்பதை யோசித்துப் பாருங்கள். விரல் எப்படி மடங்க வேண்டும், மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், முதலில் நுழைப்பதா திருப்புவதா, இத்தனையும் நாம் கவனிக்காமலே நடந்துவிடுகிறது. சின்ன வயதிலிருந்து செய்து செய்து மூளை சேர்த்து வைத்த கைப்பழக்கம் அது. பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சேமிப்பு மூளையின் இடது பாதியில் இருக்கிறது, முக்கியமாகக் காதுக்கு மேலே சற்றுப் பின்னால் இருக்கும் பரைட்டல் பகுதியில். அதை வாங்கி, எந்தத் தசை எப்போது அசைய வேண்டும் என்று வரிசைப்படுத்துவது நெற்றிப் பக்கத்துப் பகுதிகளின் வேலை. இரண்டில் ஒன்று அடிபட்டாலும் சரி, இரண்டையும் இணைக்கும் நரம்பு இழைகள் அடிபட்டாலும் சரி, எண்ணத்துக்கும் தசைக்கும் நடுவில் இருக்கிற அந்தத் திட்டம் கலைந்துவிடுகிறது.

இதை முதன்முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர் ஹூகோ லீப்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர், 1900இல். அவரிடம் வந்தவர் 48 வயது அரசு அதிகாரி. சொன்ன எதையும் சரியாகச் செய்யாததால் அவருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். லீப்மன் அவருடைய வலது கையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, அதே வேலைகளை இடது கையால் செய்யச் சொன்னார். டக் டக்கென்று செய்தாராம். புத்தி மழுங்கியிருந்தால் இரண்டு கையும்தானே தவறியிருக்க வேண்டும்? நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் பல வீடுகளில் அந்த முதல் தவறுதான் நடந்துகொண்டிருக்கிறது.

நேற்று தானாகச் செய்தார், இன்று கேட்டால் செய்யவில்லை. வேண்டுமென்றே செய்கிறாரா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் நடந்தது: அம்மா சீப்பைக் கையில் கொடுத்து "என்னங்க, தலையை வாருங்க" என்றார். அப்பா சீப்பைப் பார்த்தார், திருப்பினார், அதன் பற்களைக் கட்டைவிரலால் ஒரு தடவை வருடினார், மெதுவாகக் கன்னத்தில் வைத்தார். இது இல்லை என்று அவருக்கே தெரிந்தது, முகத்தில் தெரிந்தது. அம்மா மறுபடி சொன்னார், இன்னும் சத்தமாக. மூன்றாவது தடவை கிட்டத்தட்டக் கத்தினார். அப்பா சீப்பை மேஜையில் வைத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியைத் தாண்டிப் போனபோது நெற்றியில் முடி விழுந்திருந்ததைப் பார்த்து, அதே கையால் அழகாக ஒதுக்கிவிட்டுப் போனார். அம்மா என்னைப் பார்த்து, "பாத்தியா, நான் சொன்னா மட்டும் செய்ய மாட்டார்" என்றார்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது, யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த முரண்தான் அப்ராக்ஸியாவின் அடையாளமே. சூழ்நிலை இழுத்துக்கொண்டு போய்ச் செய்ய வைக்கிற அசைவுக்கும், "செய்" என்று சொன்னதும் வெறும் எண்ணத்திலிருந்து உருவாக்க வேண்டிய அசைவுக்கும் மூளையில் ஒரே வழி கிடையாது. முதல் வழி தப்பித்துவிடும், இரண்டாவது மாட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: நாக்கை நீட்டச் சொன்னால் நீட்ட முடியாதவர், உதட்டில் ஏதாவது ஒட்டியிருந்தால் நாக்கால் துழாவி எடுத்துவிடுவார். அதனால் சத்தம் போடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. காது கேட்காத பிரச்சினையா இது? கத்தக் கத்த அவர் இன்னும் யோசித்துச் செய்யப் பார்ப்பார், அடிபட்டதே அந்த வழிதான். பதற்றத்தில் நமக்கே கை ஓடாது, கால் ஓடாது என்கிறோம், அவருக்குக் கேட்கவே வேண்டாம்.

வலது கைதானே விழுந்தது, நன்றாக இருக்கிற இடது கை ஏன் தடுமாறுகிறது?

"பழக்கமில்லாத கை, போகப் போகச் சரியாகும்" என்று நாங்களும் நினைத்தோம். அதுவும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் இடது மூளை வலது கைக்கு மட்டும் திட்டம் போடுவதில்லை, இரண்டு கைக்கும் சேர்த்துப் போடுகிறது. இடது கைக்கான தகவல் இரண்டு பாதி மூளைக்கும் நடுவிலுள்ள தடித்த நரம்புப் பாலத்தின் வழியாக வலது பாதிக்குப் போய், அங்கிருந்துதான் கைக்கு வருகிறது. திட்டமே கலைந்திருந்தால் பாலத்தைத் தாண்டிப் போக என்ன இருக்கிறது? வலது கை முழுக்கச் செயலிழந்தவர்களுக்கு இந்த இடது கைத் தடுமாற்றம்தான் அப்ராக்ஸியாவைக் காட்டிக்கொடுக்கும்.

ரிப்போர்ட்டில் ஏதேதோ பெயர் போட்டிருக்கிறார்கள், எத்தனை வகை இருக்கிறது?

நிறைய, பெயர்களில் டாக்டர்களுக்குள்ளேயே முழு ஒற்றுமை இல்லை, அதனால் மனப்பாடம் செய்ய வேண்டாம். அடிக்கடி கண்ணில் படுவது ஐடியோமோட்டார். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், கை அதற்கான வடிவத்துக்கு வராது. சீப்பு கன்னத்துக்குப் போவது இந்த வகை. அடுத்தது ஐடியேஷனல். இதில் ஒவ்வொரு அசைவும் தனித்தனியாகச் சரியாக இருக்கும், வரிசை குழம்பும். பிரஷ்ஷால் பல்லைத் தேய்த்து முடித்துவிட்டு அப்புறம் அதில் பேஸ்ட் வைப்பார், தீக்குச்சிக்குப் பதில் மெழுகுவர்த்தியைத் தீப்பெட்டியில் உரசுவார். விரல்களின் நுணுக்கம் மட்டும் போய் நாணயம் பொறுக்க, பொத்தான் போட முடியாமல் போவது லிம்ப் கைனடிக். ஊது, இருமு, உதட்டைக் குவி என்றால் செய்ய வராதது வாய் முகத்து அப்ராக்ஸியா, இது கை அப்ராக்ஸியாவோடு சேர்ந்தே வருவதுண்டு.

உடை அணிவதில் வருவது கொஞ்சம் வேறு. சட்டையின் கை எது, கழுத்து எது என்றே பிடிபடாது. அது பெரும்பாலும் வலது மூளையில் அடிபட்டவர்களுக்கு வரும். அது அப்ராக்ஸியாவே இல்லை, இடம் வலம் மேல் கீழ் உணர்வின் கோளாறு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் நியாயமாகப் படுகிறது.

நடையிலும் வருமா?

வரும். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல, முதல் அடி எடுக்கவே திணறுவார்கள். ஆனால் படுக்க வைத்துக் காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள். வயதானவர்களுக்கு இப்படி நடை கெட்டு, கூடவே மறதியும் சிறுநீர் அடக்க முடியாமையும் சேர்ந்தால் மூளைக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள், தேர்ந்தெடுத்த சிலருக்கு ஷன்ட் குழாய் வைத்து அந்த நீரை வடித்தால் நடை நன்றாகத் தேறுகிறது.

எதனால் வருகிறது?

பக்கவாதம் முதல் காரணம். இடது மூளையில் பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது ஏதோ ஒரு அளவில் அப்ராக்ஸியா இருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, லேசாக இருந்தால் யாரும் கவனிக்காமலே போய்விடும். தலையில் அடி, மூளைக் கட்டி, அல்சைமர் என்ற மறதி நோய் இவற்றாலும் வரும். கார்ட்டிகோபேசல் டீஜெனரேஷன் என்ற அரிதான நோய் ஒன்று உண்டு. அதில் பக்கவாதம் மாதிரி திடீரென்று வராமல், ஒரு பக்கத்துக் கை மட்டும் மாதக்கணக்கில் மெதுவாக விறைத்து, சொன்ன பேச்சு கேட்காமல் போகும், சிலருக்கு "இது என் கையே இல்லை" என்று தோன்றுகிற அளவுக்கு. திடீரென்று வந்ததா, மெதுவாக வந்ததா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அது ரொம்ப உதவும்.

அப்படியானால் இது மறதி நோயா?

இல்லை. அல்சைமர் உள்ளவருக்கு அப்ராக்ஸியாவும் வரலாம், ஆனால் அப்ராக்ஸியா இருப்பவருக்கெல்லாம் மறதி இருக்காது. எங்கள் அப்பா பொத்தான் போட முடியாமல் நின்ற அதே வாரத்தில், நான் கட்ட மறந்த இன்சூரன்ஸ் தவணையை ஞாபகப்படுத்தினார்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஸ்கேனில் தெரியுமா?

சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எங்கே அடிபட்டிருக்கிறது என்பது தெரியும், அப்ராக்ஸியா தெரியாது. அதைச் செய்ய வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதலில் பலம், தொடு உணர்வு, சொல்வது புரிகிறதா என்று பார்த்துவிடுவார்கள், ஏனென்றால் புரியாமல் செய்யாததை அப்ராக்ஸியா என்று சொல்லக்கூடாது. அப்புறம் கையில் எதையும் கொடுக்காமல் "சுத்தியலால் ஆணி அடிப்பதுபோல் காட்டுங்கள்" என்பார்கள். இல்லாத சுத்தியலைப் பிடித்ததுபோல் விரலை மடக்கி ஆட்டுவதற்குப் பதில், முஷ்டியையே சுத்தியலாக்கி மேஜையில் குத்துவார் நோயாளி. பல் தேய்ப்பதுபோல் காட்டச் சொன்னால் விரலே பிரஷ் ஆகிவிடும். நம்மில் சிலரும் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் "விரலை அல்ல, பிரஷ் கையில் இருப்பதாக நினைத்துச் செய்யுங்கள்" என்று திருத்தினால் நாம் மாற்றிக்கொள்வோம், அவர்களால் முடியாது. அடுத்து, டாக்டர் காட்டும் சைகையைப் பார்த்துச் செய்வது, அர்த்தமே இல்லாத விரல் நிலைகளைப் பார்த்துச் செய்வது, கடைசியில் நிஜப் பொருளையே கையில் கொடுத்துச் செய்வது. பொருள் கைக்கு வந்ததும் பலருக்கு நன்றாக வரும். வீட்டில் எப்படிப் பழக்க வேண்டும் என்பதற்கு அங்கேயே ஒரு துப்பு கிடைத்துவிடுகிறது.

ஒரு விஷயம், நோயாளியே இதைப் புகாராகச் சொல்வது அபூர்வம். ஐந்து நிமிஷப் பரிசோதனையில் டாக்டர் கண்ணிலும் படாமல் போகலாம். எங்களுக்கு முதலில் பார்த்த இடத்தில் அப்படித்தான் போயிற்று. அவர் வீட்டில் எதையாவது செய்யத் தடுமாறும்போது, அவர் சம்மதத்தோடு செல்போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

பேச்சில் வருவதும் இதேதானா?

அதே கதை, இடம் மட்டும் நாக்கும் உதடும். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், எந்த வார்த்தை என்றும் தெரியும், அந்த ஒலிக்கு நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது வராது. தேடித் தேடி, வாயைக் குவித்து, விரித்து, தப்பாக ஒன்று சொல்லி, திருத்தி மறுபடி சொல்வார்கள். ஒரே வார்த்தையை மூன்று தடவை சொன்னால் மூன்று விதமாகத் தவறுவதும் உண்டு. நீளமான வார்த்தை என்றால் இன்னும் திண்டாட்டம். "பா பா பா" என்று ஒரே ஒலியை ஓட்டிவிடுவார், "பா-டா-கா" என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னால் சிக்கிக்கொள்வார்.

அஃபேசியா வேறு. அதில் மொழியே அடிபடுகிறது, வார்த்தை கிடைக்காது, எழுதுவதும் புரிந்துகொள்வதும்கூடப் பாதிக்கும். டிஸார்த்ரியா என்பது தசை பலவீனத்தால் வரும் குழறல், எப்போதும் ஒரே மாதிரி குழறும். பேச்சு அப்ராக்ஸியா மட்டும் தனியாக இருப்பவர் சொல்ல முடியாததை எழுதிக் காட்டிவிடுவார், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, பழகிய பாட்டு, கோபத்தில் வரும் வசவு எல்லாம் தங்கு தடையில்லாமல் வந்து விழும். நடைமுறையில் மூன்றும் கலந்தே வருவதால் பிரித்துச் சொல்ல ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டும்.

குழந்தைகளுக்கும் வருமா?

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, குழந்தைப் பருவப் பேச்சு அப்ராக்ஸியா. ஆயிரத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இருப்பதாகச் சொல்வார்கள். பேச்சு தாமதமாகும், பேசினாலும் ஒரே வார்த்தை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், எந்த அசையை அழுத்துவது என்ற ராகமே மாறியிருக்கும். பல குழந்தைகளுக்குக் காரணம் தெரிவதில்லை. மூன்று தலைமுறையாகப் பேச்சுச் சிக்கல் இருந்த ஒரு லண்டன் குடும்பத்தை ஆராய்ந்து 2001இல் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அதுவே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு வாரம் ஒரு தடவை போய் வருவது பெரும்பாலும் போதாது. குறைவான சில வார்த்தைகளைப் பல தடவை திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்க வேண்டும், அடிக்கடி. "லேட்டா பேசுவான், விடுங்க" என்கிற பெரியவர்களைப் புன்னகையோடு கடந்து போய்விடுங்கள்.

இன்னொன்று டிஸ்ப்ராக்ஸியா. மருத்துவப் பெயர் வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 6 சதவீதம், பையன்களுக்கு அதிகம். ஷூ லேஸ் கட்ட வராது, பந்து பிடிக்க வராது, கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், எதையாவது தட்டிவிட்டுக்கொண்டே இருப்பான். பெரியவர்களின் அப்ராக்ஸியா கற்றது கலைவது, இது கற்பதே கடினமாவது. பொதுவாக ஐந்து வயதுக்கு முன் உறுதியாகச் சொல்வதில்லை. சோம்பேறி, கவனமில்லாதவன் என்ற பட்டம் அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுகிறது, அதுதான் கொடுமை. இலக்கு, திட்டம், செய், சரிபார் என்று நான்கு படியாகப் பிள்ளையே யோசித்துப் பழகும் ஒரு பயிற்சி முறை கனடாவில் உருவானது, அதை ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிறவர்கள், இப்போது பரவலாகப் பயன்படுத்துகிறார்கள்.

மாத்திரை உண்டா?

அப்ராக்ஸியாவுக்கென்று கிடையாது. அடிப்படை நோய்க்கான மருந்துகளை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

பயிற்சியில் என்ன செய்வார்கள்?

ஆக்குபேஷனல் தெரபிதான் முதுகெலும்பு. ஒரு வழி, சைகைகளையும் பொருள்களைக் கையாள்வதையும் படிப்படியாகப் பழக்குவது. இன்னொரு வழி, கோளாறு இருக்கட்டும், அதைச் சுற்றிக்கொண்டு போக உத்தி கற்போம் என்பது: படங்களை வரிசையாக ஒட்டி வைத்துப் பார்த்துச் செய்வது, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது. இதில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது என்னவென்றால், கற்றது அந்த வேலையோடு நின்றுவிடும். பல் தேய்க்கப் பழகினால் பல் தேய்க்க வரும், ஷேவிங் தானாக வராது. அதனால் ரப்பர் பந்தை நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருப்பதில் நேரத்தைச் செலவழிக்காமல் (பலம்தான் இருக்கிறதே), அவருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற மூன்று நான்கு வேலைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றையே பழக்குங்கள். எந்த வேலை என்பதை அவரிடமே கேளுங்கள். நாங்கள் சாப்பிடுவதில் ஆரம்பிக்கலாம் என்றோம், அப்பா சட்டைதான் முதலில் என்றார், தன் சட்டையை இன்னொருவர் மாட்டிவிடுவது அவருக்கு அவ்வளவு உறுத்தியிருக்கிறது.

வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

சொல்வதைக் குறையுங்கள், பொருளைக் கையில் கொடுங்கள். "பல் தேய்ங்க" என்று ஹாலில் இருந்து சொல்வதைவிட, பல் தேய்க்கிற இடத்தில், பல் தேய்க்கிற நேரத்தில், பிரஷ்ஷைக் கையில் வைத்தால் பாதி வேலையைச் சூழ்நிலையே செய்துவிடும். மேஜையில் அந்த வேலைக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும், பக்கத்தில் ரேசரும் சீப்பும் கிடந்தால் கை அதற்குப் போகும்.

எதிரில் நின்று செய்து காட்டாதீர்கள், இடம் வலம் புரண்டு இன்னும் குழப்பம். பக்கத்தில் உட்காருங்கள். முதல் அசைவைத் தொடங்கத்தான் பெரும்பாலும் கஷ்டம், அதனால் உங்கள் கையை அவர் கைமேல் லேசாக வைத்துத் தொடங்கிவிட்டு, ஓட ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள். அப்பாவின் பொத்தான் அப்படித்தான் வந்தது. துளைக்குள் பாதி நுழைத்து நான் விட்டுவிடுவேன், மீதியை அவர் இழுப்பார். சில வாரம் கழித்து நான் துளையின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டேன். மேல் பொத்தான் இன்றும் அவருக்கு வராது, அதைத் திறந்தே விட்டுவிடுகிறோம், நன்றாகத்தான் இருக்கிறது.

தப்பாகச் செய்யவிட்டு அப்புறம் திருத்துவதைவிட, தப்புக்குப் போகிற நொடியிலேயே மெல்லத் திருப்பிவிடுவது நல்லது என்று எங்கள் தெரபிஸ்ட் சொன்னார், தப்பும் ஒரு பழக்கமாகப் பதிந்துவிடுமாம். தினமும் அதே வரிசை, அதே இடம். செய்துகொண்டிருக்கும்போது வேறு பேச்சு வேண்டாம், டிவியை அணைத்துவிடுங்கள். களைப்பாக இருக்கும்போது பழக்கினால் இரண்டு பேருக்கும் கோபம்தான் மிச்சம். பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ, பெல்ட்டுக்குப் பதில் எலாஸ்டிக் வைப்பதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

அடுப்பு, கத்தி, ரேசர், கொதிக்கிற தண்ணீர், துப்புரவு ரசாயனங்கள். வரிசை குழம்புகிற ஐடியேஷனல் வகையில் ஆபத்து அதிகம், பொருளையே தவறாகப் பயன்படுத்துவார்கள். வண்டி ஓட்டுவதை அவர் ஆசையும் உங்கள் தயவும் தீர்மானிக்கக் கூடாது, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

சரியாகுமா?

பக்கவாதத்தால் வந்தது என்றால் முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும், அப்புறம் மெதுவாக. முழுக்கச் சரியாகிறவர்களும் உண்டு, ஒரு பகுதி தங்கிவிடுகிறவர்களும் உண்டு. மெல்ல வளர்கிற நோய்களால் வந்தது என்றால் கூடிக்கொண்டேதான் போகும், அங்கே பயிற்சியின் நோக்கம் இருப்பதைக் கூடுமானவரை வைத்துக்கொள்வதும் வீட்டைப் பாதுகாப்பாக்குவதும். எது எந்த வகை என்பதை டாக்டரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று பேச்சு வரவில்லை, ஒரு பக்கம் தளர்ந்தது, வாய் கோணியது, பழகிய பொருளை வைத்துக்கொண்டு விழிக்கிறார் என்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு. அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், முதல் கேள்வியே அதுதான்.

பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது?

வந்து உட்கார்ந்ததும் "எங்கே, கையைத் தூக்குங்க பார்ப்போம், டாட்டா காட்டுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காமல் இருக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரிகிறது என்பதையும், நாலு பேர் முன்னால் தோற்பது வலிக்கும் என்பதையும் வாசலிலேயே சொல்லிவிடலாம். கிளம்பும்போது அவர்களே கையை நீட்டட்டும், அவர் கை வந்து பிடித்துக்கொள்ளும்.